கிறிஸ்மஸ் செலவ அடக்கி, உருப்படியா குடுக்கிறது எப்படி? முதல் தடவை பண்றவங்களுக்கு

நவம்பர் பொறந்துட்டாலே எங்க வீட்ல ஆரம்பிச்சிரும், துணி எங்க எடுக்க, ஸ்டார் புதுசு வாங்கணுமா, பலகாரம் வீட்லயா கடையிலயா, பெரியவனுக்கு ஷூ, சின்னவளுக்கு மின்னுற கவுன்னு. டிசம்பர் 31 வாட்ச்நைட் சர்வீஸ் முடிஞ்சு வீட்டுக்கு வரும்போது கையில காசும் இருக்காது உடம்புல தெம்பும் இருக்காது, ஜனவரி முழுக்க கார்டு பில்ல முறைச்சுப் பாத்துட்டு உக்காந்திருப்போம். மூணு வருஷமா இத கொஞ்சம் கொஞ்சமா மாத்திட்டு வாறோம். சபையில ரெண்டு மூணு பேரு எப்படி பண்ணுறீங்கன்னு கேட்டுட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தர்கிட்டயும் வாயால சொல்லி மாளல, அதான் எழுதிடலாம்னு.

நாங்க இருக்கிறது பாளையங்கோட்டை, என் வீட்டுக்காரருக்கு ஊர் ஏரல் பக்கம். அதனால நான் சொல்றதெல்லாம் திருநெல்வேலி தூத்துக்குடி பக்கத்து கிறிஸ்மஸ், உங்க ஊருக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க. இன்னொண்ணு, எங்க வீட்ல புதுத்துணியும் உண்டு கறிக்குழம்பும் உண்டு, பட்டினி கிடந்து பண்டிகை கொண்டாடுறவங்க கிடையாது நாங்க, அந்த பயம் வேண்டாம்.

மொதல்ல போன வருஷக் கணக்கு

ஜிபே, போன்பே, கார்டு ஸ்டேட்மென்ட் மூணையும் தொறந்து நவம்பர் 15ல இருந்து ஜனவரி 1 வரைக்கும் உள்ளத ஒரு பேப்பர்ல எழுதுங்க. எக்செல் எல்லாம் வேண்டாம், கையால எழுதுனாதான் உறைக்கும். துணி, பலகாரம், லைட்டு ஸ்டாரு, கிஃப்ட், பெட்ரோல், கடைசியா வெளி ஆளுக்கு குடுத்ததுன்னு ஆறு தலைப்பு போதும்.

நாங்க 2022 கிறிஸ்மஸுக்கு எழுதிப் பாத்தோம். துணி 19,400. பலகாரமும் கேக்கும் 6,200. லைட்டு ஸ்டாரு 2,900. கிஃப்ட் 5,800. பெட்ரோல் 3,500. வெளிய குடுத்தது 1,500, அதுலயும் ஆயிரம் ரூவா சபையில இருந்து வீடு வீடா பாடிட்டு கேரல் ரவுண்ட்ஸ் வந்தப்ப கவர்ல போட்டது. ஆக மொத்தம் 39,300ல 1,500. என் வீட்டுக்காரர் பேப்பர மடிச்சு சட்டைப் பையில வெச்சிட்டு ஒண்ணுமே பேசாம டீ குடிக்கப் போயிட்டாரு. எங்க பக்கமெல்லாம் நாலு பேருக்கும் ரெண்டு ரெண்டு செட் எடுப்போம், ஒண்ணு கிறிஸ்மஸுக்கு ஒண்ணு நியூ இயருக்கு, அதான் துணிக் கணக்கு அப்படி வீங்கிக் கிடந்துச்சு.

குடுக்க வேண்டியத முந்தி எடுத்து வைங்க

இந்தக் கட்டுரையில நீங்க ஒண்ணே ஒண்ணுதான் செய்யப் போறீங்கன்னா இத செய்யுங்க, மிச்சத்த படிக்காட்டியும் பரவால்ல. எல்லாம் வாங்கி முடிச்சிட்டு மிச்சம் இருந்தா குடுப்போம்னு நெனச்சா மிச்சமே இருக்காது, எனக்கு பதினஞ்சு வருஷ அனுபவம்.

மிசோரத்துல புஃபாய் தாம்னு ஒரு பழக்கம், 1910ல இருந்து நடக்குது. வீட்டுப் பொம்பளைங்க ஒவ்வொரு வேளையும் சோறாக்கும்போது ஒரு பிடி அரிசிய தனியா எடுத்து வெச்சிருவாங்க, அத சபையில இருந்து வந்து சேத்து, வித்து, வர்ற காசுல ஊழியம் நடக்குது. நம்ம பக்கமும் பிடி அரிசின்னு சொல்லி கோயிலுக்கு குடுத்ததா எங்க அத்தை சொல்லுவாங்க. இதுல நான் பிடிச்சுக்கிட்டது எதுன்னா, அந்தப் பிடிய எடுக்கிறது அரிசி உலையில போறதுக்கு முந்தி. சோறு பொங்குனப்புறம் எடுக்கல.

நவம்பர் சம்பளம் வந்த அன்னைக்கே ஒரு கவர்ல போட்டு பீரோவுல வைங்க. எவ்வளவுன்னு குழம்புனா, போன வருஷம் நியூ இயர் துணிக்கு எவ்வளவு ஆச்சோ அந்தத் தொகை. எங்களுக்கு அது 8,000. தீபாவளிக்கு போனஸ் வாங்குறவங்க அப்பவே ஒதுக்கிட்டா இன்னும் நல்லது, ஏன்னா நம்மள்ல நெறைய பேருக்கு தீபாவளி போனஸ் தீபாவளி ஆஃபர்லயே கரைஞ்சிருது, நமக்கு அது பண்டிகையே இல்லன்னாலும்!

அந்த முதல் கவர் எப்படி போச்சுன்னு சொல்றேன். 2023 டிசம்பர் 17, 18ல எங்க பக்கம் பேஞ்ச மழை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர், தாமிரபரணி ஏரலுக்குள்ள வந்துருச்சு. கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம்தான் இருந்துச்சு. எங்க சொந்தக்காரங்க வீட்ல கட்டில் வரைக்கும் சேறு. அந்த வருஷம் மட்டும் கவர் பீரோவுல இல்லாம இருந்திருந்தா, வழக்கம்போல துணி எடுத்து முடிச்சு கைய விரிச்சிருப்போம். போன் பண்ணி என்ன வேணும்னு கேட்டோம். அரிசி பருப்பு வந்துட்டே இருக்கு, பாயி, பெட்ஷீட், நைட்டி, நாப்கின், பிள்ளைங்களுக்கு ஸ்கூல் நோட்டு, இத யாருமே கொண்டு வரலன்னாங்க. நைட்டி வேணும்னு கேக்காம எனக்கு தோணிருக்கவே தோணாது. நாலு நாள் ஈரத் துணியோட நிக்கிற பொம்பளைக்கு அதுதான் மொதல் தேவை.

வீட்ல பேசுறது, இதுதான் கஷ்டம்

பிள்ளைங்ககிட்ட திடீர்னு டிசம்பர்ல போய் இந்த வருஷம் ஒரு டிரெஸ்தான்னு சொன்னா அழுகதான் வரும். சின்னவ அழுதா, நல்லா அழுதா. அக்டோபர்லயே சொல்லிரணும். கிறிஸ்மஸ் துணி வேணுமா நியூ இயர் துணி வேணுமான்னு அவங்களையே முடிவு பண்ண விடுங்க. எங்க வீட்ல ரெண்டும் கிறிஸ்மஸ்தான் சொல்லுச்சு, நியூ இயருக்கும் அதையே தொவைச்சு அயர்ன் பண்ணி போட்டாச்சு.

பிள்ளைங்கள விட பெரியவங்கதான் மல்லுக்கட்டுவாங்க. எங்க அத்தை, "எம்மா, ஊருக்குள்ள நாலு பேரு என்ன பேசுவா? மவன் சம்பாத்தியத்துக்கு என்னாச்சும்பா"ன்னாங்க. நான் வசனம் எல்லாம் எடுத்து விட்டு வாதாடுனேன், தப்பு. எங்க வீட்டுக்காரர்தான், "யம்மா, ஒனக்கு சேலை உண்டு. எங்களுக்கு மட்டுந்தான் கொறைக்கோம்"ன்னு ஒரு வரியில முடிச்சாரு. அத்தை அப்புறம் அவங்க சேலைய பிப்ரவரியில ஒரு கல்யாணத்துக்குதான் கட்டுனாங்க, அது வேற கதை.

உங்க சிக்கனத்த மத்தவங்க தலையில கட்டாதீங்க. மொத வருஷ வேகத்துல என் நாத்தனார்கிட்ட போய், மைனி நீங்களும் எதுக்கு இவ்வளவு எடுக்கீங்கன்னு கேட்டுத் தொலைச்சேன், ஈஸ்டர் வரைக்கும் சரியா பேசல. நம்ம வீட்டு வரைக்கும் நம்ம கணக்கு, அவ்வளவுதான்.

ஆபீஸ் கிறிஸ்மாம் கிறிஸ்சைல்ட்

சீட்டு குலுக்கிப் போட்டு யாருக்கு யாரு கிஃப்ட்டுன்னு எடுக்கிறது, இப்ப சீக்ரெட் சான்டாங்கிறாங்க. எங்க வீட்ல இந்த விளையாட்டுல வந்த காபி மக் மட்டும் ஒம்போது இருக்கு, ஒண்ணுல பேனா, ஒண்ணுல டூத் பிரஷ், ஒண்ணுல மணி பிளான்ட்.

1993ல ஜோயல் வால்ட்ஃபோகல்னு ஒரு அமெரிக்கப் பொருளாதாரக்காரர் யேல் யுனிவர்சிட்டி பசங்ககிட்ட கிறிஸ்மஸுக்கு வந்த கிஃப்ட்ட பத்தி விசாரிச்சு ஒரு கட்டுரை போட்டாரு. குடுத்தவங்க மேல உள்ள பாசத்த தள்ளி வெச்சிட்டு, இந்தப் பொருளுக்கு நீ எவ்வளவு மதிப்பு போடுவங்கிறதுதான் கேள்வி. செலவழிச்ச காசுல பத்துல ஒரு பங்குல இருந்து மூணுல ஒரு பங்கு வரைக்கும் வீணாப் போகுதுன்னு கணக்கு வந்துச்சு. நகைக்கடையில சேதாரம் போடுவாங்கல்ல, அந்த மாதிரி. அதுலயும் கூட்டாளிங்க குடுத்ததுல சேதாரம் கம்மி, மாமா அத்தை தாத்தா பாட்டி குடுத்ததுல ஜாஸ்தி. காரணம் ஒண்ணும் பெருசில்ல, நம்ம கூட தெனமும் இருக்கிறவனுக்குதான் நமக்கு என்ன வேணும்னு தெரியும்.

அதனால குலுக்கல் சீட்டுலயே பேருக்குக் கீழ "எனக்கு உபயோகப்படுற மூணு பொருள், 200 ரூவாக்குள்ள"ன்னு எழுதச் சொல்லுங்க. நாங்க இப்படி மாத்துனப்ப ஒருத்தர் டிபன் பாக்ஸுக்கு ரப்பர் வாஷர்னு எழுதியிருந்தாரு, எல்லாரும் சிரிச்சோம், ஆனா மனுஷன் ரெண்டு மாசமா சாம்பார் ஒழுகி அவஸ்தைப்பட்டிருக்காரு. சர்ப்ரைஸ் போயிருமேன்னு ஒருத்தர் கொறை சொல்வாங்க. போகட்டும்.

சான்டாவுக்கு மூலம்னு சொல்ற நிக்கோலாஸ் பிஷப்பு, இன்னைக்கு துருக்கியில இருக்கிற மைரா ஊருக்கு பிஷப்பா இருந்தவர், அவர் கதையும் தேவையத் தெரிஞ்சு குடுத்த கதைதான். மூணு பொண்ணுங்கள கட்டிக் குடுக்க வழியில்லாத அப்பா ஒருத்தர், அவர் வீட்டு ஜன்னல் வழியா நிக்கோலாஸ் ராத்திரி யாருக்கும் தெரியாம பொற்காசு முடிச்ச போட்டுட்டு போனாராம். நடுராத்திரி, பேரு தெரியாது, சரியா வேண்டிய தொகை. போட்டோ எடுக்க ஆள் கூட்டிட்டுப் போகல.

பொருளே இல்லாத கிஃப்ட்

இதுக்கு கேக்கத் தெரியணும். எங்க சின்னாச்சி ஒருத்தங்க, மாமாவோட சித்தி, வயசு 81, தனியா இருக்காங்க. வருஷா வருஷம் சேலை குடுப்போம், அத பிரிக்காம டிரங்குப் பெட்டியில அடுக்கி வெச்சிருப்பாங்க, அந்துருண்டை வாசத்தோட. 2024ல சும்மா உக்காந்து, ஆச்சி இந்த வருஷம் என்ன வேணும்னு கேட்டேன். ஒண்ணும் வேண்டாம் தாயின்னாங்க. அப்புறம் வெத்தலைய மடிச்சுக்கிட்டே, "காலம்பற ஆராதனைக்குப் போயி ஆறு வருசமாச்சு"ன்னாங்க, என்னப் பாக்காம.

எங்க பக்கம் கிறிஸ்மஸ் ஆராதனை விடியக்காலம் நாலு மணி. அந்நேரத்துக்கு அவங்கள யாரு கூட்டிட்டுப் போவா, எல்லாரும் அவங்கவங்க பிள்ளைங்கள கெளப்புற அவசரம். தெரிஞ்ச ஆட்டோக்காரர்கிட்ட முந்துன நாளே சொல்லி, போக வர 300 ரூவா, மூணு மணிக்கு நான் போனேன். ஆச்சி ரெண்டரைக்கே வெள்ளச் சேலை கட்டி, பவுடர் போட்டு, பைபிள ஒரு மஞ்சப்பையில வெச்சிட்டு திண்ணையில உக்காந்திருந்தாங்க, லைட்ட கூட அணைச்சிட்டாங்க கரண்டு ஆகுமேன்னு. கோயில் வாசப்படி நாலு, ஒவ்வொரு படிக்கும் நின்னு நின்னு ஏறுனோம். பாட்டு புக்க தொறக்கல, எல்லாப் பாட்டும் மனப்பாடம். அந்த வருஷம் நான் செலவழிச்சதுலயே இந்த 300தான் சேதாரமே இல்லாதது.

உங்க வீட்டு ஆளுங்களுக்கு என்னவா இருக்கும்னு யோசிங்க. கண் ஆஸ்பத்திரிக்கு கூட ஒரு ஆள், போன்ல போட்டோ எல்லாம் பிரின்ட் போட்டு ஆல்பம், வருஷத்துக்கு ரீசார்ஜ், கைக்குழந்தை வெச்சிருக்கிற தங்கச்சிக்கு ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க தூக்கம். ஒரே ஒரு கண்டிஷன், தேதி போட்டு குடுங்க. எப்ப வேணா வாறேன்னு சொன்னது எதுவும் நடந்ததா சரித்திரம் இல்ல.

பலகாரத்துல கைய வெக்காதீங்க

செலவக் குறைக்கிற ஆர்வத்துல நெறைய பேரு மொதல்ல வெட்டுறது இதத்தான், பக்கத்து வீட்டுக்கு குடுக்கிற பலகாரத்த. வேண்டாம். தீபாவளிக்கு எதிர்த்த வீட்ல இருந்து வந்த தட்டு, ரம்ஜானுக்கு வந்த நோம்புக் கஞ்சி, பிரியாணி, இதுக்கெல்லாம் நம்ம பதில் தட்டு போறது கிறிஸ்மஸுக்குதான். மாத்த வேண்டியது கடையில டப்பா டப்பாவா வாங்குறதத்தான்.

நாலு வீடு சேந்துக்கோங்க. மாவு, எண்ணெய், பயறு, கருப்பட்டி எல்லாம் மொத்தக் கடையில ஒண்ணா எடுத்து, டிசம்பர் 20 வாக்குல ஒரு வீட்டு மொட்டை மாடியில ரெண்டு அடுப்பு போட்டு ஒக்காந்தா முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, அதிரசம் சாயந்தரத்துக்குள்ள முடிஞ்சிரும். அச்ச மொத நாளே எண்ணெயில ஊறப் போட்டு வைங்க, அடுப்புல எண்ணெய் காயும்போதே அச்சும் உள்ள கிடந்து காயணும், இல்லன்னா மாவு அச்ச விட்டு வராது, நாங்க மொத அரைக் கிலோ மாவ அப்படித்தான் நாசம் பண்ணோம். போன தடவை எங்களுக்கு வீட்டுக்கு 1,150 ரூவா விழுந்துச்சு, வீட்டுக்குப் பன்னெண்டு தட்டு குடுத்தோம்.

பேக்கிங்குக்கு மின்னுற பேப்பர் வேண்டாம், ஓலைக் கொட்டான் கிடைச்சா வாங்குங்க. மணப்பாட்டுல பொம்பளைங்க பனையோலையில பெட்டி, கொட்டான் எல்லாம் பின்னுறாங்க, காசு அவங்க கைக்குப் போகுது, பலகாரம் தீந்ததும் அதுல பூண்டு வெங்காயம் போட்டுக்கலாம். துணி எடுக்கிறதுலயும் அப்படித்தான், எடுக்கிற அந்த ஒரு செட்ட கோ-ஆப்டெக்ஸ்ல எடுத்தா தறிக்காரங்களுக்கு ஏதோ போகும். பெட்ஷீட் நல்லா உழைக்கும், என் அனுபவம்.

அலங்காரம், ஆன்லைன், சுருக்கமா

பழைய ஸ்டார்ல கிழிஞ்ச மூலைக்கு கலர் பேப்பர் ஒட்டுங்க, பிள்ளைங்க செய்யும். குடிலுக்கு சாக்கு, வைக்கோல், செங்கல் போதும், பத்து நாளைக்கு முந்தி ஒரு தட்டுல கேழ்வரகு விதைச்சா பச்சைப் புல்லு ரெடி. 1223ல பிரான்சிஸ் அசிசியார் இத்தாலியில கிரேச்சோங்கிற ஊர்ல மொத குடில் வெச்சப்ப வைக்கோலும் மாடும் கழுதையும்தான் இருந்துச்சு, சீரியல் லைட் இல்ல.

ஷாப்பிங் ஆப்ப டிசம்பர் 1ல இருந்து போன்ல இருந்து தூக்கிருங்க, சேவ் பண்ணி வெச்ச கார்டு நம்பரையும் அழிச்சிருங்க. அப்படியும் வேணும்னு தோணுறத ஒரு சீட்டுல எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டி ஒரு வாரம் விடுங்க. நோ காஸ்ட் இஎம்ஐனாலும் பிராசஸிங் ஃபீஸ், வட்டி மேல ஜிஎஸ்டின்னு வந்துரும். கார்டுல மினிமம் மட்டும் கட்டுனா மாசம் 3.5 பர்சென்ட்டுக்கு மேல கூட வட்டி போடுவாங்க, வருஷத்துக்கு 42 பர்சென்ட்ட தாண்டிரும். கந்துவட்டிக்காரன் தோத்தான்.

ஹோமுக்கு குடுக்கப் போறீங்கன்னா

போன் பண்ணாம கேக்கத் தூக்கிட்டுப் போயிராதீங்க. நாங்க ஒரு தடவை 24ஆம் தேதி ஒரு பிள்ளைங்க ஹோமுக்கு ரெண்டு கிலோ கேக்கோட போய் நின்னோம். அங்க டேபிள்ல ஏற்கனவே பதினோரு கேக். ஒரு பொடியன் எங்கள பாத்துட்டு பக்கத்துல உள்ளவன்கிட்ட "இன்னொண்ணு"ன்னான், சலிப்போட. பொறுப்பா இருந்த அக்கா சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டாங்க, வெளிய வரும்போதுதான் சொன்னாங்க, ஜூன்ல வாங்க, அப்ப ஒருத்தரும் வர மாட்டாங்க, ஸ்கூல் தொறக்கும், நோட்டு, பை, செருப்பு எல்லாம் ஒரே மாசத்துல வேணும்னு.

கவனிக்க வேண்டியது சிலது இருக்கு. 2015 சிறார் நீதிச் சட்டப்படி பிள்ளைங்க காப்பகம் எல்லாம் பதிவு பண்ணியிருக்கணும், பதிவு நம்பர் கேக்கிறதுல தப்பே இல்ல, சந்தேகமா இருந்தா மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுல விசாரிக்கலாம். பிள்ளைங்களோட போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடாதீங்க, அந்தப் பிள்ளைங்க யாருன்னு தெரியுற மாதிரி வெளியிடுறத அதே சட்டம் தடுக்குது, சட்டம் இல்லாட்டியும் உங்க பிள்ளைய சோத்துத் தட்டோட நிக்க வெச்சு ஒருத்தன் போட்டோ எடுத்தா விடுவீங்களா? வரிவிலக்கு ரசீது பாக்கிறவங்களுக்கு, ரொக்கமா 2,000 ரூவாக்கு மேல குடுத்தா நன்கொடைக்கு உள்ள 80ஜி வரிக் கழிவு கிடையாது, பொருளா குடுத்தாலும் கிடையாது, புது வரி முறையில இருக்கிறவங்களுக்கு எப்படிக் குடுத்தாலும் கிடையாது.

பழைய துணி குடுக்கிறதுன்னா, உங்க தங்கச்சிக்கு குடுப்பீங்களான்னு பாத்து குடுங்க. 2004 சுனாமி அப்ப நாகப்பட்டினம் பக்கம் ரோட்டோரம் பழைய துணி குவிஞ்சு கிடந்தத பாத்தவங்க மறக்க மாட்டாங்க, ஒருத்தரும் தொடல.

பக்கத்துல இருக்கிறவங்க, தேதி முக்கியம்

வீட்டு வேலைக்கு வர்ற அக்கா, தெரு கூட்டுறவங்க, வாட்ச்மேன் தாத்தா, சர்ச்சுல எடுபிடி வேலையெல்லாம் பாக்கிற நம்ம கோயில்குட்டியார். கோயில்குட்டியாருக்கு கிறிஸ்மஸ் அன்னைக்கு ஆராதனை முடிஞ்சப்புறம் கைகுடுத்து கவர் குடுக்கிறது வழக்கம். அந்த மனுஷன் வீட்லயும் பிள்ளைங்க இருக்கு, அதுங்களுக்கு 25ஆம் தேதிக்கு முந்தி துணி எடுக்க வேண்டாமா? ஒரு வருஷம் டிசம்பர் 12ஆம் தேதி குடுத்தேன். வாங்கிட்டு ஒரு நிமிஷம் நின்னாரு, "இந்த வருசம் கடன் வாங்காம எடுத்துருவேம்மா"ன்னாரு. பதினஞ்சாம் தேதிக்குள்ள குடுத்துருங்க, பழைய சேலையோட சேத்துக் குடுக்காம காசா குடுங்க. வேலைக்கார அக்காவுக்கு பண்டிகை வாரத்துல ரெண்டு நாள் சம்பளத்தோட லீவு குடுங்க, பாத்திரம் நம்மளே தேச்சுக்கலாம், செத்துப் போயிர மாட்டோம்.

26ஆம் தேதி செய்ற வேலை

மிச்சக் கறிக்குழம்ப சுட வெச்சு சாப்ட்டு முடிச்சிட்டு அதே ஆறு தலைப்புல கணக்க எழுதுங்க. எங்களுக்கு போன தடவை துணி 9,800 ஆச்சு, வெளிய குடுத்தது 9,600. கிஃப்ட் மட்டும் இன்னும் அடங்க மாட்டேங்குது, 4,000ம் சொச்சம், சொந்தக்காரப் பிள்ளைங்க ஜாஸ்தி, வெறுங்கையோட போக எனக்கே மனசு வரல.

கவர்ல மிச்சம் இருந்தா செலவழிச்சு தீக்கணும்னு இல்ல, பீரோவுலயே இருக்கட்டும். போன்ல ஜூன் மொத வாரத்துக்கு ஒரு ரிமைண்டர் போடுங்க. எங்க கவர்ல 2,400 கிடக்கு, அந்த ஹோம் அக்கா இப்பவே சொல்லிட்டாங்க, கோடு போட்ட நோட்டு நெறைய வந்துருமாம், சின்னப் பிள்ளைங்களுக்கு நாலு கோடு நோட்டுதான் வேணுமாம், அதுவும் மெலிசா இல்லாம நூறு பக்கத்துக்கு மேல.